மீன் என்று சொன்னால் போதும்

டப்ளினில் ஒரு மொழி வகுப்புக்கு பெலாக்வா என்ற இளைஞன் கையில் ஒரு பொட்டலத்தோடு வருகிறான். உள்ளே இருப்பது சிங்கி இறால். சாயங்காலம் அத்தையோடு சாப்பிடுவதற்காக வழியில் மீன்கடையில் வாங்கியது. பொட்டலத்தை நடையில் வைத்துவிட்டு இத்தாலிய வகுப்பில் போய் உட்காருகிறான். அதே கட்டடத்தில் பிரெஞ்சு சொல்லித்தரும் அம்மாள் பொட்டலமும் கையுமாக வந்து நிற்கிறார். அவருடைய பூனை அதைப் பிய்க்கப் பார்த்ததாம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறார். சிங்கி இறாலுக்குப் பிரெஞ்சில் என்ன சொல் என்று பெலாக்வாவுக்குத் தெரியாது. 'மீன்' என்று சொல்லிச் சமாளித்துவிடுகிறான்.

சாமுவேல் பெக்கெட்டின் 'தாந்தேயும் சிங்கி இறாலும்' கதையில் வரும் இடம் இது. 1932இல் ஒரு பத்திரிகையில் வெளிவந்தது. 1934இல் வந்த அவருடைய முதல் கதைத் தொகுப்பில் இதுதான் முதல் கதை. எழுதியவர் பிரெஞ்சும் இத்தாலியும் படித்து முதல் மாணவராகத் தேறித் தங்கப் பதக்கம் வாங்கியவர். பாரிசில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவர். அந்தச் சொல் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தன் பாத்திரத்துக்குத் தெரியக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறார்.

பெக்கெட் என்றாலே நாம் கோதோவில் ஆரம்பித்து, அபத்தம், இருத்தலியம், உலகப்போர் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் வந்தேன். பிறகு ஒரு ஜெர்மன் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்தில் இந்தக் கதையைப் படித்தேன். அன்றிலிருந்து அவரை ஒரு மொழிப் பட்டதாரியாகப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பி.ஏ. ஃப்ரெஞ்ச் அண்ட் இத்தாலியன். அப்படிப் பார்த்தால் அவர் எழுத்தில் சில விஷயங்கள் வேறு மாதிரி தெரிகின்றன.

1923இல் அவர் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தது 'நவீன மொழிகள்' பட்டத்துக்கு. இந்த 'நவீன' என்பதைப் பார்த்து மிரள வேண்டாம். லத்தீன், கிரேக்கம் இல்லாத, இன்றைக்கும் ஆட்கள் பேசுகிற மொழிகள் என்றுதான் அர்த்தம். ரட்மோஸ்-பிரவுன் என்ற பேராசிரியர் பிரெஞ்சு இலக்கியத்துக்குள் இழுத்துக்கொண்டு போனார். இத்தாலியை பியாங்கா எஸ்போசிட்டோ என்ற ஆசிரியையிடம் தனியாகவும் படித்தார். கதையில் வரும் சிஞ்ஞோரினா ஓட்டோலெங்கி இவருடைய சாயல்தான். 1926 கோடையில் பிரான்சின் தூரேன் பகுதிக்குப் போனார், அடுத்த கோடையில் ஃப்ளாரன்ஸுக்கு. பட்டம் வாங்கிய பிறகு, 1928இல், பாரிசின் எக்கோல் நோர்மால் சுப்பேரியரில் ஆங்கிலம் சொல்லித்தரும் வேலை. இது இரண்டு நிறுவனங்களுக்கும் இடையிலான பரிமாற்றம். டிரினிட்டியிலிருந்து ஒருவர் அங்கே போவார், அங்கிருந்து ஒருவர் டிரினிட்டிக்கு வருவார். பெக்கெட் படித்துக்கொண்டிருந்தபோது அப்படி டப்ளினுக்கு வந்தவர் பெயர் ஆல்ஃப்ரெட் பெரோன். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிசில் ஜேம்ஸ் ஜாய்ஸின் பழக்கம் கிடைத்தது, ஜாய்ஸைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், ப்ரூஸ்டைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். 1930இல் ஊர் திரும்பி, தான் படித்த துறையிலேயே விரிவுரையாளர் ஆனார். அந்த நவம்பரில் கல்லூரியின் நவீன மொழிகள் சங்கத்தில் ழான் து ஷா என்ற பிரெஞ்சுக் கவிஞரைப் பற்றிப் பிரெஞ்சிலேயே ஒரு உரை நிகழ்த்தினார். அப்படி ஒரு கவிஞரே கிடையாது! முழுக்க முழுக்கக் கட்டிவிட்டது. துறையின் செல்லப்பிள்ளை துறையையே கிண்டல் செய்திருக்கிறான். அடுத்த வருஷக் கடைசியில் ஜெர்மனிக்குப் போனவர் காசெல் நகரிலிருந்து ராஜினாமாவை அனுப்பிவிட்டார். தனக்கே தெரியாததை அடுத்தவருக்குச் சொல்லித்தர முடியவில்லை என்று பிற்பாடு காரணம் சொன்னார்.

வேலையை விட்டுவிட்டு 1932இல் பாரிசில் உட்கார்ந்து முதல் நாவலை எழுதினார். அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சாகவில்லை, 1992இல்தான் வந்தது. இரண்டு முறை முயன்று இரண்டாவது முறை முடித்தேன். பெக்கெட் பக்தர்கள் மன்னிக்கட்டும், அது ஒரு டாப்பர் எழுதிய நாவல். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலி, லத்தீன் எல்லாம் ஒரே பத்தியில் வந்து வரிசையில் நிற்கும். மேற்கோளுக்குள் மேற்கோள். படித்த எதையும் வீணாக்கக் கூடாது என்ற பதற்றம் எல்லாப் பக்கத்திலும் தெரிகிறது. ஒரு வாக்கியத்தைப் படித்து முடித்ததும், 'சரிப்பா, ஒத்துக்கறேன்' என்று சொல்லத் தோன்றும். அதற்கு மேல் எதுவும் தோன்றாது.

அதே காலத்தில் எழுதிய 'தாந்தேயும் சிங்கி இறாலும்' ஏன் இன்றைக்கும் நிற்கிறது? அதிலும் படிப்புப் பகட்டு இருக்கிறது. கதை தொடங்கும்போதே பெலாக்வா தாந்தேயின் சொர்க்கத்தில், நிலாவின் கறைகளைப் பற்றிய இடத்தில் மாட்டிக்கொண்டு தவிக்கிறான். ஆனால் இந்தக் கதையில் படித்தவன் ஒருவன் மாட்டிக்கொள்கிறான். மாட்டுவது பிரெஞ்சிலும் இல்லை, இத்தாலியிலும் இல்லை. சொந்த ஊர் ஆங்கிலத்தில்.

மீன்கடைக்காரர் இறாலைக் கொடுக்கும்போது 'லெப்பிங்' என்கிறார். துள்ளுவதற்கான ஆங்கிலச் சொல்லின் டப்ளின் உச்சரிப்பு அது. தூத்துக்குடி மீன் மார்க்கெட்டில் வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. "துள்ளுது பாருங்க" என்று சொல்லாமல் அங்கே யாரும் மீன் விற்பதில்லை. துள்ளாத மீனையும் அப்படித்தான் விற்பார்கள். பெலாக்வாவும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறான். கானாங்கெளுத்தியையும் மற்ற மீன்களையும் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் செத்தது, அவ்வளவு புதுசு என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறான். கடைக்காரர் வியாபார வழக்கில் பேசுகிறார் என்பது அவன் நினைப்பு. அவரோ உள்ளதை அப்படியே சொல்லியிருக்கிறார். இறால் உயிரோடு இருந்தது. அன்றைக்கு ஒரு உயிரைப் பொட்டலத்தில் கட்டி ஊரெல்லாம் சுமந்திருக்கிறான். அத்தை பிரித்து மேஜைமேல் வைக்கும்போது அது அசைகிறது. எப்போதும் உயிரோடுதான் கொதிநீரில் போடுவோம், அதுக்கு ஒன்றும் தெரியாது என்கிறார் அத்தை. சட்டென்று போய்விடும் சாவுதானே என்று பெலாக்வா தன்னைத் தேற்றிக்கொள்கிறான். அப்படியில்லை என்று கதைசொல்லி மூன்று சொற்களில் வெட்டிவிடுகிறார். கதை முடிந்தது.

நடுவில் அந்த இத்தாலிய வகுப்பு. தாந்தே நரகத்தில் இரக்கப்படும் அபூர்வமான தருணங்களைத் தொகுத்துப் பாரேன் என்கிறார் ஆசிரியை. முன்பெல்லாம் பரீட்சையில் விரும்பிக் கேட்கப்பட்ட கேள்வியாம். பெலாக்வா உடனே ஒரு வரியை எடுத்து நீட்டுகிறான். இத்தாலியில் 'பியெத்தா' என்ற ஒரே சொல்லுக்குப் பக்தி என்றும் பொருள், இரக்கம் என்றும் பொருள். தாந்தே இரண்டையும் ஒரே வரியில் மோதவிடுகிறார். இதை எப்படி மொழிபெயர்ப்பது என்பது பெலாக்வாவின் சந்தேகம். கட்டாயம் மொழிபெயர்த்தே ஆக வேண்டுமா என்று ஆசிரியை திருப்பிக் கேட்கிறார். மொழியாக்கத்தைப் பற்றி நிறைய கருத்தரங்குகளை யூட்யூபில் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சாதுவாக, இவ்வளவு பயங்கரமாக யாரும் கேட்டதில்லை. இரக்கம் என்ற சொல்லின் இரண்டு அர்த்தங்களையும் அறிந்தவன், அது தேவைப்படும் உயிர் பக்கத்து நடையில் பொட்டலத்துக்குள் கிடப்பதை அறியாமல் உட்கார்ந்திருக்கிறான்.

இந்தக் கதையை நான் விமர்சகனாக மட்டும் படிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனியிலிருந்து ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். ஒன்றரை வருஷம். வேலை ஆங்கிலத்தில்தான், ஆனால் ஜெர்மன் கற்றாக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. வாரம் மூன்று சாயங்காலம் வகுப்பு. அந்த மாதம் 'அப்படி இருந்திருந்தால் இப்படிச் செய்திருப்பேன்' என்று சொல்வதற்கான வினை வடிவங்களைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு போன். எப்படிப்பா இருக்கீங்க என்று கேட்டேன். "இப்பம் பரவால்லய்யா" என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு அங்கே பெய்யும் பனியைப் பற்றிப் பேசினேன். மூன்று வாரம் கழித்து அக்கா பேச்சுவாக்கில் சொன்னாள்: "அப்பா நாலு நாள் ஆஸ்பத்திரில கெடந்தாவ, ஒனக்குத் தெரியாதா?" அப்பா மறைக்கவே இல்லை. 'இப்பம்' என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. முன்பு பரவாயில்லாமல் இருந்திருக்கிறது, என்னவென்று கேள் என்று அந்தச் சொல் சொல்லிக்கொண்டிருந்தது. ஜெர்மன் வாக்கியம் ஒன்றில் காலத்தைக் குறிக்கும் சொல் எங்கே வந்தாலும் அடிக்கோடு போடுகிறவன், தாய்மொழியில் வந்ததை வழக்கமாகச் சொல்லும் பேச்சு என்று தாண்டிப் போய்விட்டேன். அப்பா அந்தத் தடவை பிழைத்துக்கொண்டார்.

அதனால் 'லெப்பிங்' என்ற அந்த ஒற்றைச் சொல்லில் என்னால் இப்போதும் நின்றுவிடாமல் கடக்க முடிவதில்லை.

மொழி வகுப்பைப் பற்றி இளைய வாசகர்கள் அதிகம் படித்திருப்பது எலிஃப் பாட்டுமனின் 'தி இடியட்' நாவலாக இருக்கும். 2017இல் வந்தது. 1995இல் ஹார்வர்டில் முதலாண்டு சேரும் செலின் ரஷ்ய மொழி எடுக்கிறாள். பாடத்தில் 'சைபீரியாவில் நினா' என்று ஒரு தொடர்கதை வருகிறது. மாணவர்கள் அதுவரை கற்ற இலக்கணத்தை மட்டும் வைத்து எழுதப்பட்ட கதை. அதனால் நினாவின் உலகத்தில், இன்னும் நடத்தப்படாத இலக்கணம் தேவைப்படும் எதையும் சொல்ல முடியாது. நினாவின் துயரம் விநோதமாக இருப்பதற்கு இதுதான் காரணம். இந்த ஒரு கற்பனைக்காகவே பாட்டுமனைப் பாராட்டலாம். செலின் கோடையில் ஹங்கேரிக்குப் போய் ஒரு கிராமத்தில் ஆங்கிலம் சொல்லித்தருகிறாள். அந்தப் பகுதி இழுவை என்கிறார்கள் நண்பர்கள். இழுவைதான். பாஷை புரியாத ஊரில் மத்தியானங்கள் அப்படித்தான் இழுக்கும். ஆனால் செலினுக்கு அங்கே ஊர் திரும்ப டிக்கெட் இருக்கிறது. எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்ற முடிவுக்கு வந்து அவளால் பாடத்தை மாற்றிக்கொள்ள முடிகிறது. பெக்கெட்டுக்கு வெளிநாடு இரண்டாம் முறை வந்தபோது அப்படி டிக்கெட் எதுவும் இல்லை.

அதற்கு முன்னால் ஜெர்மனி. 1936 இலையுதிர்காலத்திலிருந்து 1937 வசந்தம் வரை ஊர் ஊராகப் போய் ஓவியங்கள் பார்த்தார். நாஜிகள் நவீன ஓவியங்களை அருங்காட்சியகச் சுவர்களிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த நேரம். ஆறு நோட்டுகளில் நாட்குறிப்பு எழுதினார். அவர் இறந்த பிறகுதான் அவை கிடைத்தன. திரும்பி வந்து 1937 ஜூலையில் ஆக்செல் கௌன் என்ற ஜெர்மானிய நண்பருக்கு ஜெர்மனிலேயே ஒரு நீளக் கடிதம் எழுதினார். மொழியை ஒரு திரை போலக் கிழிக்க வேண்டும் என்று அதில் வரும் இடத்தைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அதன் கடைசியில் வரும் வேறொரு இடம்தான் முக்கியம். அந்நிய மொழியில் தான் அறியாமல் செய்யும் பிழைகள் தனக்கு ஆறுதல் தருகின்றன, தன் சொந்த மொழியில் அதையே தெரிந்து செய்ய ஆசைப்படுகிறேன் என்கிறார். தங்கப் பதக்கக்காரர் எழுதுகிறார் இதை! தப்பு செய்ய இடம் தேடுகிறார்.

இப்போது பெரோன். டப்ளின் பரிமாற்றத்தில் வந்தவர், பாரிசில் பெக்கெட்டோடு சேர்ந்து ஜாய்ஸின் ஒரு பகுதியைப் பிரெஞ்சாக்க முயன்றவர், ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது பெக்கெட்டை எதிர்ப்பு இயக்கத்துக்குள் கொண்டுவந்தார். 'குளோரியா எஸ்எம்எச்' என்ற உளவு வலை. ஜெர்மன் படைகளின் நடமாட்டம் பற்றிய தகவல்கள் துண்டு துண்டாக வரும். பெக்கெட் அவற்றைக் கோத்து, சுருக்கி, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுப்பார். பிறகு அவை சின்னப் படச்சுருளாகி லண்டனுக்குப் போகும். அவருடைய பட்டப்படிப்பின் மிக நேரடியான பயன் இதுதான் என்று நினைக்கிறேன். பொருள் பிசகாமல் சுருக்கி எழுதுக. பரீட்சைத் தாளில் வரும் அதே கேள்வி. 1942 ஆகஸ்டில் பெரோன் கைதானார். அவர் மனைவி கொடுத்த தந்தி எச்சரிக்கையால் பெக்கெட்டும் துணைவி சுசானும் தப்பினார்கள். பெரோன் மௌத்ஹௌசன் முகாமிலிருந்து விடுபட்டு, பாரிஸ் வந்து சேராமலே 1945 மே 1ஆம் தேதி இறந்தார்.

தப்பியவர்கள் தெற்கே ருசியோன் என்ற கிராமத்தில் ஒளிந்து வாழ்ந்தார்கள். பெக்கெட் அங்கே விவசாயிகளிடம் கூலி வேலை செய்தார். உருளைக்கிழங்கு, திராட்சை, விறகு. அந்த நாட்களில் எழுதிக்கொண்டிருந்த 'வாட்' நாவல் ஆங்கிலத்தில்தான். அதனால் கிராமம் உடனே அவரைப் பிரெஞ்சு எழுத்தாளராக்கிவிட்டது என்று சொன்னால் அது கதை கட்டுவதாகிவிடும். போர் முடிந்ததும் குண்டுவீச்சில் தரைமட்டமான சென்-லோ நகரில் ஐரிஷ் செஞ்சிலுவைச் சங்கம் மருத்துவமனை அமைத்தது. அதில் சரக்குக் கிடங்குப் பொறுப்பும் மொழிபெயர்ப்பாளர் வேலையும் பார்த்தார். 1946 தொடக்கத்தில் ஒரு கதையை ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். நோட்டில் ஓரிடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே கதை பிரெஞ்சில் தொடர்ந்தது. பிறகு 'முடிவு' என்ற தலைப்பில் வந்த கதை அது. 'மொல்லாய்', 'மலோன் சாகிறான்', 'கோதோ' எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே வந்தவை.

ஏன் பிரெஞ்சு என்று கேட்டதற்கு, அதில் நடை இல்லாமல் எழுதுவது சுலபம் என்றாராம். இந்தப் பதிலை எல்லாக் கட்டுரையிலும் எடுத்துப் போடுகிறார்கள். யாரும் மறுத்துக் கேட்பதில்லை. பிரெஞ்சு நடையில்லாத மொழி என்றால் ப்ரூஸ்ட் எந்த மொழியில் எழுதினார்? பெக்கெட் அவரைப் பற்றிப் புத்தகமே போட்டவர். அவர் பேசுவது தான் கற்ற பிரெஞ்சைப் பற்றி. கற்ற மொழியில் தாலாட்டு இல்லை, பள்ளிக்கூட வசை இல்லை, அம்மாவின் அதட்டல் இல்லை. சொல்லை எடுத்தால் அதோடு ஐந்து சொற்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்வதில்லை. இதுவரை பலரும் சொல்லியிருக்கிறார்கள். இது மட்டும்தான் காரணம் என்றால் 1930இலேயே அவர் பிரெஞ்சுக்குப் போயிருக்க வேண்டும். அப்போதும் அதே கற்ற பிரெஞ்சுதான். ஆனால் அந்தப் பிரெஞ்சில் இல்லாத கவிஞனுக்கு உரை எழுத முடிந்தது, சிங்கி இறாலைக் கேட்டு வாங்க முடியவில்லை. இடையில் வந்தது காய்கறி என்பது என் எண்ணம். பசியோடு, அடையாளம் தெரிந்துவிடுமோ என்ற பயத்தோடு, மண்ணிலிருந்து பிடுங்கி எடுத்த பொருள்களுக்கான பிரெஞ்சு.

கோதோவில் எஸ்ட்ரகோன் பசிக்கிறது என்று காரட் கேட்கிறான். விளாதிமிர் பையைத் துழாவி ஒன்றை எடுத்துக் கொடுக்கிறான். கடித்துப் பார்த்துவிட்டு எஸ்ட்ரகோன் சொல்கிறான், இது டர்னிப். அபத்த நாடகத்தின் நகைச்சுவை என்று இதைக் கடந்துவிடுவார்கள். பெலாக்வாவைப் படித்துவிட்டு இங்கே வந்தால் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது. அவனுக்கு 'மீன்' என்று சொன்னால் போதும். இவனுக்குப் போதாது.

அதே நாடகத்தில் இன்னொன்று. பிரெஞ்சு மூலத்தில் விளாதிமிர், ருசியோனில் பொன்னெல்லி என்பவரிடம் திராட்சை பறித்ததை ஊர், பேர் சொல்லி நினைவுகூர்கிறான். பொன்னெல்லி உண்மையான விவசாயி, பெக்கெட் அவரிடம் வேலை பார்த்தவர். ஆங்கிலத்துக்கு பெக்கெட்டே கொண்டுவந்தபோது அந்த இடத்தில் பெயர் மறந்துபோகிறது. பேர் ஞாபகம் இல்லை, ஊர் ஞாபகம் இல்லை. ஆங்கில வாசகனுக்கு அந்தப் பெயர் எதையும் சொல்லாது என்பது சாதாரண மொழிபெயர்ப்பாளர் சொல்லும் காரணம். எனக்கென்னவோ ஓட்டோலெங்கி டீச்சரின் கேள்விக்கு இருபது வருஷம் கழித்து அவர் மாணவன் சொன்ன பதில் போலத் தெரிகிறது. பொன்னெல்லியை மொழிபெயர்த்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? அந்தப் பெயர் பிரெஞ்சில் நடந்த வாழ்க்கையைச் சேர்ந்தது, அங்கேயே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்.

பெக்கெட் தன் எழுத்தில் பெரும்பகுதியை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தானே சுமந்தார். பெலாக்வா கதைகளைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோகவில்லை. ஆங்கிலத்திலேயே அவை மறுபதிப்பு வருவதற்கு நெடுநாள் இழுத்தடித்தார். அவர் இறந்த பிறகு எடித் ஃபூர்னியே அவற்றைப் பிரெஞ்சாக்கினார். பிரெஞ்சில் சிங்கி இறாலுக்கு என்ன சொல் என்று பெலாக்வாவுக்குத் தெரியாது என்ற வாக்கியத்தைப் பிரெஞ்சிலேயே எழுதியாக வேண்டிய நிலை. தெரியாத சொல்லை எழுதாமல் அதை எப்படி எழுதுவது? புத்தகத்தைப் பிரித்தால் அதற்கும் முன்னாலேயே, தலைப்பிலேயே, அந்தச் சொல் பெரிய எழுத்தில் நிற்கிறது. ஓமார்.